பத்துக்கு நாலு

பொத்தை மேல் ஏறும்போதே தளவாய் ஒரு கேள்வியை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தார். அவர் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. கேட்க வேண்டியது நெஞ்சுக்குழிக்குக் கீழே இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இது அதற்குப் பதிலாகத் தயார் செய்தது. பார்க்க லட்சணமாக இருந்தது.

பொத்தை என்று ஊரார் சொல்வது பெரிய மலை ஒன்றுமில்லை. இருநூறு படி ஏறினால் முடிந்துபோகிற பாறைக்குன்று. உச்சியில் ஒற்றை அறை, கம்பி வேலி, வேலிக்குள் ஒரு மழைமானி, நாலு காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி. பெட்டிக்குள் வெப்பமானிகள். கீழே ஊரில் அதைப் புறாக்கூண்டு என்பார்கள்.

ரெபேக்காள் டீச்சர் மழைமானியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அளவுக் குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"டீச்சர், தப்பே வராம மழையச் சொல்லணும்னா அதுக்கு என்ன வழி?"

டீச்சர் நிமிரவில்லை.

"உங்க நிழல் விழுது அண்ணாச்சி. அந்தப் பக்கமா நில்லுங்க."

தளவாய் நகர்ந்து நின்றார்.

டீச்சருக்கு நாற்பத்தொரு வயது. தளவாய்க்கு அறுபத்தொன்று. டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. அந்த ஒற்றை அறை நிலையத்தில் காற்றையும் மழையையும் அளந்து மேலிடத்துக்கு அனுப்பும் உத்தியோகம். டீச்சர் என்று முதலில் கூப்பிட்டவர் தளவாய்தான். மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

தளவாய் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம், எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று கூண்டுக்குள் இருந்து சொன்ன குரல். ஓய்வு பெற்ற மறுவாரம் இந்தப் படியேறி வந்து கேட்டார்.

"நாளைக்கு மழை உண்டா?"

"தெரியாது" என்றார் டீச்சர்.

"தெரியாதா? அப்ப இத்தனை கருவி எதுக்கு?"

"எவ்வளவு தெரியலன்னு அளக்கறதுக்கு."

தளவாய்க்குக் கோபம் வந்து இறங்கிப் போய்விட்டார். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அது ஆகிறது இரண்டு வருஷம். மேகத்தின் அடிப்பாகத்தைப் பார்ப்பது, காற்று நிற்கிற நேரத்தைக் குறிப்பது, ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கும் சுற்றாததற்கும் உள்ள இடைவெளியைப் படிப்பது, எல்லாம் இங்கே கற்றுக்கொண்டதுதான்.

காலையில் மாவட்டத்துக்கான வானிலைக் குறிப்பு வரும். டீச்சர் அதோடு தன் கண்ணில் பட்டதையும் சேர்த்து ஒரு எண் சொல்வார். பத்துக்கு இரண்டு. பத்துக்கு ஆறு. தளவாய் அதைக் கொண்டுபோய் முக்குரோட்டு பஸ் நிழற்குடையில் தொங்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப்போடுவார். 'இன்று மழைக்கு வாய்ப்பு: பத்துக்கு மூன்று.' எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

கோடையில் அந்த எண் ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. கடல்காற்று ஒரு மணி நேரம் முந்தி வந்தால் ஏறும், பிந்தி வந்தால் இறங்கும். காலையில் இரண்டு என்றது மத்தியானம் ஐந்தாகும். மேற்கே மலையோரத்தில் இடித்துக் கொட்டும்; கிழக்குத்தெருவில் புழுதி பறக்கும். ஊருக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை.

"பத்துக்கு நாலுன்னா என்னவே அர்த்தம்? பத்துப் பேர்ல நாலு பேரு மட்டும் நனையணுமா?"

"முப்பது வருஷமா பஸ் வரும்னா வரும், ரத்துன்னா ரத்துன்னு சொன்ன மனுசன். இப்ப வந்தாலும் வரும், வராட்டி வராதுன்னு எழுதுதாரு. இதுக்கு ஒரு போர்டு, ஒரு சாக்பீஸு!"

அதிகமாகப் பேசியது கொம்பையா. குளத்தங்கரையில் செங்கல் சூளை வைத்திருப்பவர். சித்திரை, வைகாசிதான் அவருக்குப் பருவம். குழைத்த மண்ணை அச்சில் போட்டு அறுத்து, பச்சைக்கல்லாகக் களத்தில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். நாலைந்து வெயில் வாங்கினால் சூளையில் அடுக்கலாம். நடுவில் ஒரு மழை விழுந்தால் கல் மறுபடி மண். மழை வரும் என்று தார்ப்பாய் போட்டு மூடி, மழை வராமல் போனாலோ, கல் காயாமல் புழுங்கி விரிசல் விடும். ஆகவே போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது சூளைக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கு அடுத்த விஷயம்.

போர்டைப் படித்துவந்து சொல்கிற வேலை முப்பிடாதியுடையது. சூளையில் கல் அறுக்கும் ஏழு குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதுவும் முப்பது வயதுக்கு மேல், பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் படித்துக்கொண்டது. பத்து மணிக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, களத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று சொல்வாள். "இன்னைக்கு அஞ்சு. மத்தியானத்துக்கு மேல யாரும் தூங்காதிய." அவள் சொன்னபடிதான் தார்ப்பாய் ஏறும், இறங்கும்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் டீச்சர் இரண்டு நாள் தொடர்ந்து ஆறு சொன்னார். இரண்டு நாளும் கொம்பையா கல்லை மூடினார். இரண்டு நாளும் ஒரு சொட்டு விழவில்லை. மூன்றாம் நாள் நிழற்குடையில் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் கொம்பையா தளவாயைப் பிடித்துக்கொண்டார்.

"வே, நாக்குன்னு ஒண்ணு இருந்தா ஒண்ணு உண்டுன்னு சொல்லும், இல்ல இல்லைன்னு சொல்லும். வழவழான்னு இழுத்தா அதுக்குப் பேரு வேற."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் பஸ் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு தளவாய் காதிலிருந்து இறங்கவில்லை.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் கொடை விழா. மத்தியானக் கொடைக்குப் போக சுற்றுவட்டாரமே குளித்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. காலையில் பொத்தை மேல் டீச்சர் சொன்னார்.

"நேத்து ஒண்ணுதான். இன்னைக்கு நாலு. காத்து காலையிலயே நின்னுடுச்சு, அது சரியில்ல. மத்தியானம் மேற்க ஒரு பார்வை பாத்துக்கச் சொல்லுங்க."

தளவாய் படியிறங்கினார். நிழற்குடையில் சாக்பீஸைக் கையில் எடுத்தார். பத்துக்கு நாலு என்று எழுதினால் இன்றைக்கு என்ன சொல்லிச் சிரிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். நாலு என்றால் பாதிகூட இல்லை. பாதிகூட இல்லாதது இல்லைக்குப் பக்கம்தானே?

'இன்று மழை இல்லை' என்று எழுதினார். பஸ் ரத்தானால் டைம் கீப்பர்கள் போடுகிற மாதிரி, 'இல்லை'க்கு அடியில் இரண்டு கோடு போட்டார். எழுதி முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த பழைய தளவாய் திரும்பி வந்துவிட்ட மாதிரி.

பத்து மணிக்கு முப்பிடாதி வந்து படித்துவிட்டுப் போனாள். சூளையில் எல்லாரும் கல்லைத் திறந்துபோட்டுவிட்டு, பூவும் பொட்டுமாகக் கொடைக்குப் போனார்கள்.

மூன்றே முக்காலுக்கு இறங்கியது. மழை என்றால் அப்படி ஒரு மழை. இடியும் காற்றும் சேர்ந்து அரை மணி நேரம் ஊரைப் போட்டு அடித்தது. முதல் சொட்டு விழும்போதே தளவாய் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். குடைகூட எடுக்காமல் ஓடினார்.

நிழற்குடையில் ஒரு ஈ, காக்கை இல்லை. நனைந்த துண்டாலேயே போர்டைத் துடைத்தார். புதிதாக எழுதினார். 'மத்தியானத்துக்கு மேல் இடி மழை. கல்லை மூடவும்.'

சாயங்காலம் கொடையிலிருந்து பஸ் வந்தது. காலையில் ஏறுகிற அவசரத்தில் போர்டை நிமிர்ந்து பார்க்காத அத்தனை பேரும் இப்போது பார்த்தார்கள்.

"அண்ணாச்சி எழுதித்தான் இருக்காரு! நாமதான் பாக்கல."

"பத்துக்கு இத்தனைன்னு இழுக்காம பட்டுன்னு சொல்லியிருக்காரு பாரு."

மறுநாள் காலை டீக்கடை வாசலில் கொம்பையா ஒரு புதுத் துண்டைப் பிரித்து, ஊர் பார்க்கத் தளவாய் தோளில் போட்டார். "உம்ம சொல்லை நான் மதிக்கல வே. என் கண்ணுல படாமப் போச்சு. படிச்சு வந்து சொல்லுதேன்னு ஒருத்திய நம்பினேன். அவ கொடை பாக்கிற ஆசையில மறைச்சுட்டா."

தளவாய் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேரே யாரோ டீக்கிளாஸைக் கொண்டுவந்து நீட்டினார்கள். குடித்தார்.

அன்று மத்தியானமே முப்பிடாதி வீட்டுக்கு வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடாதிய."

"சொல்லு தாயி."

"நான் பாக்கையில போர்டுல 'இல்லை'ன்னு இருந்த மாதிரி இருந்துச்சு. அடியில ரெண்டு கோடு கூட இருந்த மாதிரி. எல்லாரும் நான் பொய் சொல்லுதேங்காவ. எங்க வீட்டுக்காரரே, 'ஏட்டி, ஆசைப்பட்டுட்டேன்னு ஒத்துக்க, அதோட விட்டுருவாவ'ன்னு சொல்லுதாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நானாப் படிச்ச படிப்பு. ஒழுங்காப் படிச்சனா, இல்ல எனக்கு வேண்டியதப் படிச்சுக்கிட்டனான்னு. நீங்க என்ன எழுதியிருந்திய?"

தளவாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் கொடியில் கிடந்த அந்தப் புதுத் துண்டைப் பார்த்தார்.

"போர்டுல இருந்ததுதான் தாயி" என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.

இத்தனையையும் வயிற்றில் வைத்துக்கொண்டுதான், மூன்றாம் நாள் காலையில், தப்பே வராமல் மழையைச் சொல்ல என்ன வழி என்று தளவாய் கேட்டார்.

டீச்சர் அளவுக் குழாயைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"அன்னைக்கு நான் நாலுன்னுதானே சொன்னேன் அண்ணாச்சி?"

"ஆமா."

"போர்டுல ரொம்ப உறுதியா எழுதியிருந்தீங்களாமே. கீழ எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க."

"அது... ஒரு யூகந்தான் டீச்சர்."

"ம்" என்றார் டீச்சர்.

அந்த 'ம்'முக்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று தளவாய்க்குத் தோன்றியது.

"பெட்டியைப் பாத்து இன்னைக்கு நீங்களே பதிவேட்டுல எழுதுங்க."

தளவாய் திகைத்தார். இரண்டு வருஷத்தில் டீச்சர் பதிவேட்டை அவர் கையில் கொடுத்ததே இல்லை. படிப்பது அவர், எழுதுவது டீச்சர் என்றுதான் வழக்கம். பெட்டியைத் திறந்து பார்த்தார். இருபத்தொன்பது. உள்ளே வந்து, பேனாவைப் பிடித்து, இருபத்தாறு என்று எழுதினார். எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது.

சட்டைப்பைக்குள் கை தானாகப் போனது. அரை பிளேடு ஒன்று எப்போதும் அங்கே இருக்கும். டைம் கீப்பர் காலத்துப் பழக்கம். தப்பான எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, நகத்தால் தேய்த்து மழுப்பி, மேலே எழுதினால் தெரியவே தெரியாது.

டீச்சர் அடிக்கோலை எடுத்து அந்தப் பக்கத்தின் மேல் குறுக்கே வைத்தார்.

"இங்க சுரண்டறதில்ல. ஒரே ஒரு கோடு. பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

தளவாய் கோடு போட்டார். அழுத்தி, இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று.

"ஒண்ணுன்னேன் அண்ணாச்சி. அடியில இருக்கிறது படிக்கத் தெரியணும்."

"தப்பும் தெரியணுமா?"

"தெரியணும்."

"எதுக்கு?"

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை, விரித்ததும் அந்தப் பக்கம்தான் வந்தது. மழை என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம். அதன் மேல் மெல்லிசாக ஒரு கோடு. பக்கத்தில் நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். கீழே டீச்சரின் கையெழுத்து.

"எனக்குக் காய்ச்சல் அன்னைக்கு. படியேறி வந்தவ வேலிக்குள்ள போகல. வானம் வெளுப்பா இருந்துச்சு. இந்த நாற்காலியில உக்காந்தபடியே பூஜ்யம்னு எழுதிட்டேன். சாயங்காலம் போயி மூடியத் திறந்தா, ராத்திரி பெஞ்சது அப்படியே கிடக்கு."

"யாருக்குத் தெரியும்? வேற தாள் வச்சு எழுதியிருக்கலாம்லா?"

"எழுதியிருக்கலாம்."

"இப்ப யாராவது புரட்டிப் பாத்தா உங்களுக்குக் கேவலமா இருக்காதா?"

"இருக்கும். யாரும் வேண்டாம், நான் பாத்தாலே இருக்கு. ஏழு வருஷமாச்சு."

டீச்சர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். காற்று எந்தத் திசை என்று சொல்கிற மாதிரி. தளவாய் அந்த மெல்லிசுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் பூஜ்யம் தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம் சொன்னார். எங்கே ஆரம்பித்தார் என்று அவருக்கே நினைவில்லை. போர்டு, துண்டு, கொம்பையா, வாசலில் நின்ற முப்பிடாதி. எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்போது அறுபத்தொரு வயசு ஆள் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் டீச்சர் கேட்டார்.

"மழை எத்தன மணிக்கு விழுந்துச்சு?"

"மூணே முக்கால்."

"நீங்க போர்டுக்குப் போனது?"

"உடனேதான். நாலு ஆகல."

"அங்கிருந்து சூளை எவ்வளவு தூரம்?"

நிழற்குடையிலிருந்து சூளைக்கு ஐந்து நிமிஷ ஓட்டம். தார்ப்பாய் களத்து ஓரத்திலேயே சுருட்டிக் கிடக்கும். மூன்று நாளாக அவர் வெட்கப்பட்டது போர்டை அழித்ததற்கு. அந்த நேரத்தில் கல் கரைந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. நனைந்துகொண்டு ஓடியது ஓடியாயிற்று. எதை நோக்கி ஓடினோம் என்று பார்த்தால், சாக்பீஸை நோக்கி.

பதிவேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"முப்பிடாதியத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிரட்டுமா டீச்சர்?"

"அவளத் தனியாக் கூப்பிட்டா திட்டுனாங்க?"

தளவாய் படியிறங்கினார்.

வீட்டுக்குப் போயும் உச்சிவெயில் ஏறிய பிறகுதான் துண்டை எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, குளத்தங்கரைக்கு நடந்தார். சூளையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஏழு குடும்பமும் வேப்பமர நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தது. முப்பிடாதி மட்டும் மண்குழிக்குள் நின்று கரைந்த கல்லை மிதித்துக் குழைத்துக்கொண்டிருந்தாள். களம் முழுக்க, வரிசை வரிசையாக இருந்த இடத்தில், ஓரங்கள் வழிந்த மண்கட்டிகள்.

"வாரும் வே, வாரும்!" கொம்பையா கயிற்றுக் கட்டிலில் இடம் விட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு எப்படி? பட்டுன்னு சொல்லும்."

தளவாய் உட்காரவில்லை.

"செவ்வாக்கிழமை நான் 'மழை இல்லை'ன்னுதான் எழுதியிருந்தேன்" என்றார்.

பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிப் பழகிய குரல். மெதுவாகத்தான் சொன்னார், மரத்தடி வரைக்கும் கேட்டுவிட்டது. தூக்குச்சட்டிகளில் கைகள் நின்றன.

"என்னது?"

"டீச்சர் பத்துக்கு நாலுன்னு சொன்னாவ. நீங்கள்லாம் சிரிப்பியன்னு நான் 'இல்லை'ன்னு எழுதினேன். மழை வந்தப்பறம் போயி அழிச்சு மாத்தினேன். முப்பிடாதி படிச்சதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. அடியில ரெண்டு கோடு போட்டிருந்தேன். அவ அதையும் சரியாத்தான் பாத்திருக்கா."

சட்டியில் ஈ மொய்ப்பதை ஓட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

மண்குழியில் முப்பிடாதி மிதிப்பதை நிறுத்தினாள்.

"ரெண்டு கோடு" என்றாள்.

"ஆமா தாயி."

"அப்ப எனக்குப் படிக்கத் தெரியும்."

"தெரியும்."

அவள் மரத்தடியில் இருந்த தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீரா?" என்றாள். அவன் சட்டிக்குள் குனிந்துகொண்டான்.

கொம்பையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "வே, ஊர் பாக்க உமக்குத் துண்டு போத்தினேனே வே! என்னைய எவன் இனிமே மதிப்பான்?"

தளவாய் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினார்.

"எனக்கு எதுக்கு அந்தக் கருமம்?"

"இங்க தாங்க" என்றாள் முப்பிடாதி. குழியைவிட்டு ஏறி வந்து துண்டை வாங்கினாள். இரண்டு கையிலும் இருந்த சேற்றை, விரல் இடுக்கு முதற்கொண்டு, நிதானமாக அதில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மூணு நாளு அண்ணாச்சி. மூணு நாளு எங்கூட ஒருத்தர் பேசல. அதுகூடப் பரவால்ல. உங்க வாசல்ல வந்து நின்னு கேட்டேன்லா? அப்பக்கூட உங்களுக்கு வாய் வரல."

தளவாய் எதையோ சொல்ல உதட்டைக் கூட்டினார்.

"ஒண்ணும் சொல்லாதிய" என்றாள். "கேட்டா எனக்கு இரக்கம் வந்துரும். இப்ப வர வேண்டாம்."

துண்டை மரத்து வேரில் போட்டுவிட்டு மறுபடி குழிக்குள் இறங்கினாள். தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியோரம் போனார்.

"நீரு எங்க வே இறங்குதீரு?" கொம்பையா கட்டிலிலிருந்து கத்தினார். "வழுக்கி விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டு, அதுக்கும் நான் ஆஸ்பத்திரிக்கு அலையணுமா? இடத்தக் காலி பண்ணும்!"

மரத்தடியில் ஒரு பெண் முதலில் எழுந்தாள். தன் தூக்குச்சட்டியைக் கொண்டுபோய் முப்பிடாதி கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். தளவாய் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் காலை அவர் பொத்தைக்குப் போகிற வழியில் நிழற்குடையைக் கடக்க வேண்டியிருந்தது. போர்டில் யாரோ எழுதியிருந்தார்கள். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. 'இன்று தளவாய் இல்லை.' அடியில் கவனமாக இரண்டு கோடு.

பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் அவரைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தருக்குத் தோள் குலுங்கியது. தளவாய் போர்டைத் தொடவில்லை. அதை அழிக்க அவருக்குக் கை எழவில்லை.

படியேறி வந்தபோது டீச்சர் ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு அறைக்குள் எழுதிக்கொண்டிருந்தார். தளவாய் வாசலிலேயே நின்றார்.

"சொல்லிட்டேன் டீச்சர்."

"கேள்விப்பட்டேன்."

"கொஞ்சமாவது பாரம் குறையும்னு நெனச்சேன். கூடிருக்கு."

டீச்சர் எழுதிக்கொண்டிருந்தார்.

"ரோட்டுல தலை நிமிர முடியல. முப்பிடாதி சிரிச்சாகூடத் தாங்கும், இப்ப வர்ற வழியில அவ என் மூஞ்சியப் பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டா. எனக்காக அவ வெக்கப்படுதா டீச்சர்." தளவாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே அந்தப் போர்டுப் பக்கம் நான் போகல."

"இன்னைக்கு ஏழு" என்றார் டீச்சர்.

"என்ன?"

"பத்துக்கு ஏழு. ராத்திரியிலேருந்தே காத்துல ஈரம் ஏறியிருக்கு. மதியம் ரெண்டு மணியிலேருந்து பாத்துக்கணும்."

"நான் எழுதினா எவன் நம்புவான்?"

"இன்னைக்கு யாரும் நம்ப மாட்டாங்க."

"சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க."

"வேற யாரையாவது எழுதச் சொல்லுங்களேன். கொஞ்ச நாளு. ஊர் மறக்கட்டும், எனக்கும் இந்த வெக்கம் கொஞ்சம் ஆறட்டும். ஒரு பத்து நாளு கழிச்சு நானே வந்து..."

டீச்சர் பேனாவை மூடினார். திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஒம்பதாச்சு அண்ணாச்சி" என்றார். "இந்நேரம் கல்லை வெயில்ல பரப்பியிருப்பாங்க."